பின்பக்கச் சொக்கை வீட்டு முற்றத்தில் மாற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார் வைத்திருப்போரிடையே அண்மைக்காலமாக ஒரு வழக்கம் பரவி வருகின்றது. காரின் ஆட்டத்தை அடக்குகின்ற பின்பக்கச் சொக் அப்சோபர் பழுதாகிவிட்டால் திருத்துமிடத்துக்குப் போகாமல், கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து புதிய சோடியொன்றைத் தருவித்து, கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு முற்றத்திலேயே அதை மாற்றிவிடுகின்றார்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் சாலையொன்றில் (டிப்போவில்) திருத்துநராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற நான் இதைக் குறைகூற வரவில்லை. பொறுமையும் நாலைந்து நல்ல ஸ்பனர்களும் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலைதான் அது. ஆனால் அந்தக் காணொளிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொங்கிறீற் தரையில், காரையே தலைக்கு மேலே உயர்த்தும் இயந்திரத்தின் கீழ் எடுக்கப்பட்டவை. அதே வேலையை நமது மணல் முற்றத்தில் ஒற்றை ஜக்கை நம்பிச் செய்வோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் அவற்றில் சொல்லப்படுவதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

வழக்கம் பரவியதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் விலையையும் வரியையும் கேட்டுவிட்டுப் பேசாமல் வீடு திரும்பியவர்களே அதிகம். ஆகவே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார்களையே நாம் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருக்கின்றோம். பிரதான வீதிகள் காப்பெற் இடப்பட்டுச் சீராக இருந்தாலும், வீட்டுக்குப் போகும் ஒழுங்கைகளில் மாரி மழைக்குப் பின்னர் பள்ளமும் திட்டியுமே மிஞ்சுகின்றன. இதற்கிடையில் ஆண்டுதோறும் வரிப்பத்திரம் எடுப்பதற்காக நாம் செய்விக்கும் பரிசோதனை புகையை மட்டுமே பார்க்கின்றது. சொக் முழுவதும் செத்துப்போன கார் ஒன்று புகை சரியாக இருந்தால் எவ்விதத் தடையுமின்றி அடுத்த ஆண்டுக்கும் வீதிக்கு வந்துவிடலாம். இந்த ஓட்டையை அடைப்பது அரசின் வேலை. அது நடக்கும் வரையில் சொந்தக் காரைச் சோதித்துக்கொள்வது நமது வேலை.

காரின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிறிங்தான், சொக் அல்ல. பள்ளத்தில் சில்லு இறங்கி ஏறும்போது ஸ்பிறிங் சுருங்கி விரிகின்றது. அதை அப்படியே விட்டால் நெடுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்காகத்தான் சொக் இருக்கின்றது. அதன் உள்ளே இருக்கும் பிஸ்ரன், எண்ணெயைச் சிறு துவாரங்களினூடாகத் தள்ளும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. கரடுமுரடான வீதியில் ஓடிவந்த காரின் சொக்கைத் தொட்டுப் பார்த்தால் அது சூடேறியிருப்பதைக் காணலாம். சொக் பழுதான கார் வசதிக்குறைவானது மட்டுமன்று. மேடு பள்ளத்தில் சில்லு நிலத்தை விட்டுத் துள்ளுகின்ற ஒவ்வொரு கணத்திலும் அந்தச் சில்லுக்குப் பிறேக் இல்லை என்றே கொள்ள வேண்டும். பண்ணைப் பாலத்திலோ சங்குப்பிட்டிப் பாலத்திலோ பக்கக் காற்று அடிக்கும்போது காரின் பின்புறம் தானாக அலைவதுபோல் உணர்ந்தவர்கள், சுக்கானைக் குறைகூறுவதற்கு முன்னர் பின்பக்கச் சொக்கைப் பார்ப்பது நல்லது.

இந்த இடத்தில் நமது ஊருக்கே உரிய ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிச் போன்ற பிரித்தானியக் கார்கள் இங்கே நீண்டகாலம் ஓடின. அவற்றில் இருந்தவை நெம்புகோல் வகைச் சொக்குகள். எண்ணெய் குறைந்தால் மேலேயுள்ள அடைப்பானைத் திறந்து ஊற்றி நிரப்பலாம் என்ற முறையிலேயே அவை ஆக்கப்பட்டிருந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோலுமின்றி உதிரிப்பாகமுமின்றி, சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்த நமது திருத்துநர்களின் கைத்திறன் எவராலும் மறக்கக்கூடியதன்று. ஆனால் அந்தக் காலத்துப் பாடத்தை இன்றைய குழாய் வகைச் சொக்கிலும் அப்படியே நடத்துவது தவறு. இவை முழுவதுமாக அடைத்து மூடப்பட்டவை. பெரும்பாலானவற்றில் எண்ணெய் நுரைக்காமலிருக்க நைதரசன் வாயு அழுத்தத்துடன் நிரப்பப்பட்டிருக்கும். அடியில் துளையிட்டுப் பழைய எண்ணெயை வடித்து, கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றி ஒட்டித் தருகின்ற சொக்கில் அந்த வாயு இல்லை; தேய்ந்த எண்ணெய்த் தடுப்பு வளையம் அப்படியே இருக்கின்றது; பிஸ்ரன் தண்டில் விழுந்த துருக்குழிகளும் அப்படியே இருக்கின்றன. தடித்த எண்ணெய் ஊற்றியிருந்தால் முதலில் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். அந்த இறுக்கத்தைத் தரம் என்று நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, சிறிது காலத்தில் மீண்டும் அதே கசிவோடு திரும்பியவர்களை நான் அறிவேன். ஸ்பிறிங்கின் வளைவுகளுக்கிடையே றப்பர்த் துண்டைச் செருகிக் காரை உயர்த்துவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. பின்புறம் உயர்ந்து தெரியும், ஆட்டம் குறையாது.

கழற்றுவதற்கு முன்னர் அது உண்மையிலேயே பழுதா என்று பாருங்கள். சொக்கின் மேற்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு படிந்து அதில் தூசி ஒட்டியிருப்பது குற்றமன்று. எண்ணெய் வழிந்து கீழ்ப்பகுதி வரை ஈரமாக இருந்தால் அது முடிந்த கதை. காரின் பின்மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுக்கும்போது ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஆடினால் சந்தேகமில்லை. ஆனால் ஆடவில்லை என்பதால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது, ஏனெனில் துருவேறிய கீல்களும் இறுகிப்போன றப்பர்களும்கூட ஆட்டத்தை மறைக்கும். என்னைக் கேட்டால் ரயரைத் தடவிப் பார்ப்பதே நம்பகமான சோதனை: நிலத்தைத் தொடும் பகுதி சுற்றிவர அலை அலையாக, ஒரு பள்ளமும் ஒரு மேடுமாகத் தேய்ந்திருந்தால் சில்லு நெடுநாளாகத் துள்ளி ஓடியிருக்கின்றது என்று பொருள். பள்ளத்தில் விழும்போது எழும் 'டொக்' என்ற சத்தம் மட்டுமே குறையாக இருப்பின், பல வேளைகளில் சொக் நல்லதாகவே இருக்கும். அதன் முனையில் போல்ட் நுழையும் குழாயைச் சுற்றியுள்ள றப்பர் புஷ்தான் கிழிந்திருக்கும். மாற்றுவதென்றால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக ஓடுகின்ற கார், வளைவிலும் திடீர்ப் பிறேக்கிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

அடுத்து, உங்கள் கார் இந்த வேலைக்கு ஏற்றதா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கீழே குனிந்து ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். சுசுகி வகன் ஆர், அல்ரோ போன்ற சிறிய கார்களில் பின்பக்க ஸ்பிறிங் தனியாகவும் சொக் தனியாகவும் இருக்கும். இவற்றில் சொக்கைக் கழற்றினாலும் ஸ்பிறிங் தன் இடத்தில் இருக்கும், வீட்டில் செய்யலாம். ரொயோட்டா கொறொல்லா 110 போன்றவற்றில் ஸ்பிறிங், சொக்கையே சுற்றி அதன்மேல் அமர்ந்திருக்கின்றது. அதைப் பிரிப்பதற்கு முன்னர் ஸ்பிறிங்கை அதற்கென உள்ள கருவியால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி வழுக்கினால் முகத்தையோ கையையோ உடைக்கக்கூடிய வேகத்தில் ஸ்பிறிங் பாயும். கம்பியாலும் கயிற்றாலும் கட்டி அந்த வேலையைச் செய்ய முயல்வோரிடம் நான் கைகூப்பிக் கேட்பது, அதைத் திருத்துமிடத்துக்குக் கொண்டு போங்கள் என்பதே. இங்கே காரின் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. ஒரே பெயரில் வந்த கார்களில் ஒரு தலைமுறைக்கு ஒரு அமைப்பும் அடுத்த தலைமுறைக்கு வேறொரு அமைப்பும் உண்டு. சாமான் வாங்கும்போதும் பெயரைச் சொல்லி வாங்காமல் காரின் உடலில் பொறிக்கப்பட்ட சசி இலக்கத்தைக் கொடுத்தே வாங்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதே இக்கடிதத்தின் முக்கியமான பகுதி. காரின் எந்தப் பகுதியும் ஜக்கை மட்டும் நம்பி நிற்கும்போது எவரும் அதன் கீழே கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது. ஜக் தூக்குவதற்கான கருவி. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. தாங்குவதற்கென்று இரும்பு ஜக் ஸ்ராண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக வீடு கட்டி மிஞ்சிய புளொக் கற்களை அடுக்குவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கின்றேன். நடுவில் வெற்றிடமுள்ள அந்தக் கல், சுவரில் பரவலாக வருகின்ற பாரத்தைத் தாங்கும். ஓர் இரும்பு விளிம்பு ஒரே புள்ளியில் அழுத்தும்போது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உருண்டையான பனங்குற்றியும் தென்னங்குற்றியும் உருளக்கூடியவை. ஸ்ராண்ட் கிடைக்காவிட்டால் அன்று அந்த வேலை வேண்டாம்.

தரையும் கவனிக்கப்பட வேண்டியது. மணல் முற்றத்திலும், மழை குடித்த செம்மண்ணிலும் ஜக்கின் அடி ஒரு பக்கமாகப் புதையும். புதையும்போது கார் சரியும். சீமெந்துத் தரை இல்லாதவர்கள் ஜக்குக்கும் ஒவ்வொரு ஸ்ராண்டுக்கும் கீழே தடித்த, அகலமான பலகை இட வேண்டும். இதைவிடப் பலரும் அறியாத ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் கைப்பிறேக் பின் சில்லுகளையே பிடிக்கின்றது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கைப்பிறேக் போட்டிருந்தும் கார் முன்னோக்கியோ பின்னோக்கியோ நகரும். ஆகவே முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் முட்டுக்கட்டை வைத்து, முன்சில்லு இழுக்கும் கார் என்றால் முதலாவது கியரிலோ, ஓட்டோமற்றிக் என்றால் 'பி' நிலையிலோ விட்ட பின்னரே ஜக்கைத் தொட வேண்டும். சில்லு நட்டுகளைச் சற்றுத் தளர்த்துவதும் சில்லு நிலத்தில் இருக்கும்போதே செய்யவேண்டியது. தூக்கிய காரில் ஸ்பனரை உந்தி மிதிப்பது காரைத் தள்ளி விழுத்துவதற்குச் சமம். கழற்றிய சில்லைச் சுவரோரம் சாத்தாமல் காரின் விளிம்புக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். எல்லாம் பிழைத்துக் கார் இறங்கினாலும் ஓர் இடைவெளி மிஞ்சும்.

ஸ்ராண்டுகளை, காரின் பக்கவிளிம்பில் தயாரிப்பாளர் அடையாளமிட்டுள்ள இடங்களில் வைக்க வேண்டும். பின் அச்சின் கீழே வைத்தால் அச்சு அசையாது. அசையாவிட்டால் சொக்கைக் கழற்றவோ பூட்டவோ முடியாது. அதே நேரத்தில் அச்சைத் தொங்க விடவும் கூடாது. ஸ்பிறிங்கும் சொக்கும் தனித்தனியாக உள்ள இவ்வகைக் கார்களில் அச்சு எவ்வளவு தூரம் கீழே இறங்கலாம் என்பதைத் தடுத்து நிறுத்துவது சொக்தான். அதன் கீழ்ப் போல்ட்டை உருவியவுடன் அச்சு சடுதியாக இறங்கினால் ஸ்பிறிங் இருக்கையிலிருந்து நழுவும். பிறேக் எண்ணெய் செல்லும் றப்பர்க் குழாயும் பிறேக் போடும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் கம்பியும் இழுபடும். காரோடு வந்த திருகு ஜக்கை ஸ்பிறிங்கின் அடித்தட்டுக்குக் கீழே முட்டக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடங்குவது நன்று.

கழற்றும் வேலையில் நம்மைக் கஷ்டப்படுத்துவது துரு. குருநகர், வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கரையோர ஊர்களில் ஓடும் காரின் கீழ்ப் போல்ட் உப்புக் காற்றில் புஷ்ஷின் உட்குழாயோடு ஒட்டியே போயிருக்கும். முதல் நாள் மாலையிலேயே துருநீக்கி எண்ணெயை நன்றாக விட்டு ஊறவைத்தால் மறுநாள் பாதிச் சண்டை குறையும். அவசரப்பட்டு வாயு விளக்கால் சூடாக்குவது பெரும் ஆபத்து. அருகே பெற்றோல் தாங்கி இருக்கின்றது, சொக்கின் உள்ளேயோ அழுத்தமேறிய வாயு இருக்கின்றது. மேல் நட்டு பல கார்களில் டிக்கியின் பக்கத் தட்டையோ ஒரு மூடியையோ அகற்றினால் தெரியும். அதைச் சுழற்றும்போது தண்டும் சேர்ந்து சுழலும். தண்டின் உச்சியில் அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே தட்டையான வெட்டு இருக்கும். அதையே பிடிக்க வேண்டும். குறட்டை எடுத்துப் பளபளக்கும் தண்டையே கவ்வுகின்றவர்கள், பூட்டுவதற்கு முன்னரே புதிய சொக்கைக் கொன்றுவிடுகின்றார்கள். அந்தக் கீறல் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் எண்ணெய்த் தடுப்பை அறுக்கும். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 12, 14, 17 இலக்கச் சொக்கற் ஸ்பனர்களுக்குள் வேலை முடிந்துவிடும். ஹைபிறிட் கார் வைத்திருப்போர் பின்னாசனப் பக்கத் தட்டுகளை அகற்றும்போது உயர் மின்னழுத்தம் செல்லும் செம்மஞ்சள் நிறக் கம்பி எதையும் தொடக்கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கின்றேன்.

புதிய சொக் கடையில் பல மாதங்கள் படுத்துக் கிடந்திருக்கும். ஒன்றினுள் ஒன்றாக இரு குழாய்கள் உள்ள இரட்டைக் குழாய் வகையில் அவ்வாறு கிடக்கும்போது வாயுவும் காற்றும் எண்ணெய்க்குள் கலந்துவிடுகின்றன. ஆகவே பூட்டும் நிலையில் நிமிர்த்திப் பிடித்து, சில தடவைகள் முழுதாக அமுக்கி முழுதாக இழுத்த பின்னர், படுக்க வைக்காமல் அப்படியே பூட்ட வேண்டும். இடையில் வெற்றாக வழுக்குகின்ற உணர்வு நீங்கி, இழுக்கும்போதும் அமுக்கும்போதும் இடையறாத சீரான தடை தெரிந்தால் போதும். பழைய சொக்கிலுள்ள சொக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் றப்பர் அடிதாங்கியும் தூசிக் கவசமும் நொறுங்கும் நிலையில் இருந்தால், அவற்றையும் புதிதாக வாங்கிப் போடுவது சிக்கனமே.

அடுத்து வருவது திருத்துமிடங்களிலும் அவசரத்தில் தவறவிடப்படுகின்ற ஒன்று. கீழ்ப் போல்ட்டைக் கார் தூக்கப்பட்டு அச்சு தாழ்ந்திருக்கும் நிலையில் கடைசி இறுக்கு இறுக்கிவிடுகின்றார்கள். சொக்கில் போல்ட் நுழையும் கண்ணிலுள்ள றப்பர் புஷ் போல்ட்டைச் சுற்றிச் சுழல்வதன்று. உட்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டு, முறுகி முறுகியே வேலை செய்வது. தாழ்ந்த நிலையில் இறுக்கினால், கார் நிலத்தில் நிற்கும்போதே அந்த றப்பர் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்க, ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டியது மாதக்கணக்கில் கிழிகின்றது. பின்னர் 'சாமான் சரியில்லை' என்று கடைக்காரரோடு வழக்காடுகின்றோம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முதலில் போல்ட்டைக் கையிறுக்கத்துக்குச் சற்று மேலாகப் பூட்டி விடுங்கள், சில்லைப் பூட்டி, நான்கு சில்லுக்கும் கீழே சம உயரமான தடித்த பலகைகளை இட்டுக் காரை அதன் சொந்தப் பாரத்தில் இறக்குங்கள், மூலைகளை இருமுறை அழுத்தி அமர விடுங்கள், அதன் பிறகு, பக்கத்திலிருந்து கையை நீட்டிக் கடைசி இறுக்கை இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது ஒவ்வொரு காருக்கும் வேறுபடும். அதை அந்தக் காரின் திருத்தக் கையேட்டில் பார்த்து, முறுக்குவிசை அளக்கும் ஸ்பனரால் இறுக்க வேண்டும். மேல்முனையில் தட்டை றப்பர்கள் உள்ள காரில், றப்பர் பிதுங்கி வெளியே வரும்வரை நட்டை இறுக்குவது பலத்துக்கு அடையாளமன்று. சில நாட்கள் ஓடிய பின்னர் எல்லா நட்டுகளையும் ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

கழற்றிய பழைய சொக்குகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதையும் கண்டிருக்கின்றேன். எண்ணெயும் அழுத்தமேறிய வாயுவும் உள்ள ஓர் இரும்புக் குழாயைத் தீயில் இடுவது வெடியைத் தீயில் இடுவதற்கு ஒப்பானது. வளவில் வெட்டிப் பிரித்து எண்ணெயை நிலத்தில் ஊற்றுவதும் வேண்டாம். நமது நிலத்தடி சுண்ணக்கல். ஊற்றியது எங்கே போய்ச் சேரும் என்பதைக் கிணற்று நீரைக் குடிக்கின்ற எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்கும்போது உள்ளே வாயு இருக்கின்றது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வாகன உதிரிப்பாக வர்த்தகர்களிடம் இரண்டு வேண்டுகோள்களைத் தங்கள் பத்திரிகையினூடாக முன்வைக்க விரும்புகின்றேன். முதலாவது, சொக் விற்கும்போது அதற்குரிய இறுக்க அளவைக் கையேட்டிலிருந்து எடுத்துப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்கு ஒரு நிமிடமும் செல்லாது. மற்றையது ஜக் ஸ்ராண்ட் பற்றியது. ஆண்டில் ஒரு நாள் பயன்படும் பொருளை விலைகொடுத்து வாங்க எவரும் தயங்குவர். அந்தத் தயக்கமே புளொக் கல்லில் போய் முடிகின்றது. கலியாண வீட்டுக்குக் கதிரையும் தகரப் பந்தலும் வாடகைக்குக் கிடைக்கின்ற நமது ஊரில், ஒரு சோடி நல்ல ஸ்ராண்டையும் முறுக்குவிசை ஸ்பனர் ஒன்றையும் வைப்புப் பணம் பெற்றுக்கொண்டு ஒரு நாள் வாடகைக்குக் கொடுப்பதற்கு எந்தக் கடைக்கும் பெரிய முதல் தேவைப்படாது. அவ்வாறு கொடுக்க முன்வரும் கடைகள், அதைக் கடைவாசலில் எழுதி வைத்தால் வாங்க வருவோர் கேட்காமலே அறிந்துகொள்வர்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற திருத்துநர் ஒருவர்,
கோண்டாவில்.